பழைய கோடாலி, உளி, இழைப்புளி: தேடுவதும் மீட்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பன்னிரண்டு ஆண்டுகளாகப் பழைய கைக்கருவிகளைத் தேடி வாங்கி, சீர்செய்து, அவற்றைக் கொண்டே மரவேலையும் செய்து வருகிறேன். பட்டறைக்கு வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதிவைக்கிறேன். எல்லாம் தமிழ்நாட்டில் கிடைக்கும் சரக்கையும் நம் ஊர் ஈரக்காற்றையும் மனத்தில் வைத்து எழுதியது.

கடையில் புதிய கோடாலி கிடைக்கிறதே, பழையதற்கு ஏன் இவ்வளவு பாடு?

நாளைக்கே விறகு பிளக்க வேண்டுமென்றால் புதியதை வாங்குங்கள். டாடா அக்ரிகோ கோடாலி ஒன்றை வாங்கி வாயைத் தீட்டிக்கொண்டால் தோட்ட வேலைக்குக் குறையில்லை. பழையதெல்லாம் பொன் என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் காலத்திலும் மட்டமான சரக்கு வந்திருக்கிறது.

ஆனால் நல்ல பழைய கோடாலி வேறு மாதிரியானது. உடம்பு முழுக்க மெல்லிரும்பு; வாயில் மட்டும் எஃகுத் துண்டை வைத்து, உலையில் காய்ச்சி, ஒன்றாகச் சேர அடித்திருப்பார்கள். எஃகு விலை கூடுதலாக இருந்த காலத்துச் சிக்கனம் அது. அதனால் இன்னொரு நன்மையும் கிடைத்தது: உடம்பு அடியைத் தாங்கும், வாயில் கூர் நிற்கும். துரு எடுக்க வினிகரில் ஊறவைத்த கோடாலியைக் கழுவி வெயிலில் சாய்த்துப் பாருங்கள். எஃகு கறுத்தும் இரும்பு வெளுத்தும் தெரியும். நடுவே வளைந்து ஓடும் அந்தக் கோடுதான் கொல்லர் கைவேலையின் சாட்சி. அதை முதல்முறை பார்த்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

எங்கே தேடுவது?

முதலில் உங்கள் வீட்டுப் பரண். அப்புறம் மாட்டுக்கொட்டகை, மோட்டார் அறை, தாத்தாவின் மரப்பெட்டி. நான் வைத்திருக்கும் கருவிகளில் பாதி உறவினர் வீடுகளில் கேட்பாரற்றுக் கிடந்தவை.

அடுத்தது பழைய இரும்புக் கடை. சென்னையில் காயலான் கடை என்பார்கள். எடை போட்டுத்தான் கொடுப்பார்கள், ஆகவே விலை பெரிதாக இருக்காது. ஆனால் ஒருமுறை போனால் கிடைக்காது. மாதம் ஒரு தடவை தலையைக் காட்டி, இன்ன சாமான் வந்தால் எடுத்துவையுங்கள் என்று சொல்லிவைக்க வேண்டும். உருக்கப் போகும் குவியலிலிருந்து ஓர் உளியை மீட்டுக்கொண்டு வருவதில் எனக்கு இன்றுவரை அலுப்புத் தட்டியதில்லை. வாரச் சந்தைகளில் தரையில் சாக்கு விரித்துப் பழைய இரும்பு விற்பவர்களையும் விட்டுவிடாதீர்கள். அவர்களிடம் காலை ஏழு மணிக்குப் போகவேண்டும். பத்து மணிக்கு நல்லது போயிருக்கும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக உண்டு. செட்டிநாட்டு வீடுகள் இடிக்கப்படும்போது வரும் கதவு, தூண், பாத்திரத்தோடு தச்சுக் கருவிகளும் அங்கே வந்து சேரும். அழகுப் பொருளாக விற்கும் இடம் என்பதால் விலை கூடுதல். வார்னிஷ் பூசியதை விட்டுவிட்டு, அழுக்கோடு மூலையில் கிடப்பதைக் கேளுங்கள். குறை இருந்தால் அழுக்கில் தெரியும்; வார்னிஷ் மறைத்துவிடும்.

மலைப்பகுதிகளில் தேயிலைத் தோட்டங்களை ஒட்டிய ஊர்களில் ஆங்கிலேயர் காலத்துக் கோடாலியும் கவாத்துக் கத்தியும் அகப்படும். சென்னை மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்துபோனது. அதற்கு முன் அங்கே அள்ளியதாகச் சொல்லும் பெரியவர்களைக் கேட்கும்போது எனக்கு ஏக்கமாகத்தான் இருக்கும்.

எல்லாவற்றையும்விட நல்ல இடம், வேலையை விட்டுவிட்ட தச்சர் வீடு. இங்கே மட்டும் வியாபாரி போலப் போகாதீர்கள். ஆயுத பூசைக்குச் சந்தனம் குங்குமம் வைத்த கருவிகள் அவை. ஒரு பெரியவர் தம் தந்தையின் வாச்சியை (மரம் செதுக்கும் கருவி) என்னிடம் கொடுக்குமுன், “தம்பி, சும்மா சுவத்துல மாட்டி வைக்கறதா இருந்தா வேண்டாம்” என்றார். “இல்லைங்க ஐயா, வேலைக்குத்தான்” என்று சொல்லி வாங்கி வந்தேன். இரும்பு விலைக்குப் பேரம் பேசக்கூடாத இடம் அது. அவர் சொன்னதற்கு மேல் கொடுத்தாலும் நட்டமில்லை.

வாங்குமுன் எதைப் பார்க்கவேண்டும்?

துருவைப் பார்த்துப் பயப்படவேண்டாம். மேல்துரு எளிதில் போகும். பயப்படவேண்டியது விரிசலுக்கு. கோடாலியைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சிறு சுத்தியலால் தட்டினால் மணி போல ஒலிக்கவேண்டும். பொத்தென்ற சத்தம் வந்தால் எங்கோ பிளவு உண்டு. காம்பு நுழையும் துளையின் இரு கன்னங்களையும் நகத்தால் வருடிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் விடும். பின்புறத்தைச் சம்மட்டியாகப் பயன்படுத்தி அடித்து, துளை நசுங்கிப்போன கோடாலிகள் ஏராளம். அவற்றில் காம்பு சரியாக உட்காராது.

உளியிலும் இழைப்புளி அலகிலும் பின்பக்கத்தைப் பாருங்கள். வாய்க்கருகே அரை அங்குலத்துக்குத் துரு குழி குழியாகத் தின்றிருந்தால் விட்டுவிடுங்கள். முன்பக்கம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் தீட்டிவிடலாம். பின்பக்கம் குழியானால் கூர் பிறக்காது.

வாயில் நீலமோ ஊதாவோ படிந்திருந்தால் யாரோ சாணையில் சுட்டிருக்கிறார்கள் என்று பொருள். நல்ல அரம் ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள். உளி வாயில் அரத்தை மெல்ல இழுத்தால் வழுக்கவேண்டும். கோடாலி வாயில் கொஞ்சம் பிடித்தும் பிடிக்காமலும் போகவேண்டும். வெண்ணெய் போல அராவினால் அதில் பதம் (காய்ச்சித் தோய்த்து ஏற்றிய கடினம்) இல்லை.

மேலே இருக்கும் முத்திரையை எப்படிப் படிப்பது?

மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, விளக்கைப் பக்கவாட்டில் பிடியுங்கள். எழுத்து எழும்பும். முத்திரை தெரியும்வரை உப்புத்தாளைக் கையில் எடுக்கவே கூடாது. தேய்த்த எழுத்து திரும்ப வராது.

எல்வெல் என்றிருந்தால் இங்கிலாந்தின் வெட்னஸ்பரி. கில்பின் என்றால் கேனக். பிரேட்ஸ் என்றால் பர்மிங்காம் அருகே ஓல்ட்பரி. மூன்றும் கோடாலி, மண்வெட்டி செய்த பெரிய ஆலைகள். மேல்நோக்கிய அம்புக்குறி பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்து என்பதன் அடையாளம். ‘எஸ்.ஐ.ஆர்.’ என்று ஆங்கிலத்தில் பொறித்த சுத்தியல் ஒன்று என்னிடம் இருக்கிறது. தென்னிந்திய ரயில்வே 1951-இல் மற்ற ரயில்வேக்களோடு சேர்ந்து தெற்கு ரயில்வே ஆனது. ஆகவே அது 1951-க்கு முந்தியது என்று தெரிந்துகொள்ளலாம். இப்படித்தான் ஒவ்வொன்றாகக் காலத்தைப் பிடிக்கவேண்டும்.

‘காஸ்ட் ஸ்டீல்’ என்று போட்டிருக்கிறது. வார்ப்பிரும்பா?

இல்லை, நேர்மாறு. பழைய உளிகளில் அந்த இரண்டு சொற்கள் கண்ணில் பட்டால் பேரம் பேசாமல் வாங்கிவிடுங்கள். மூசையில், அதாவது உலைச்சூட்டைத் தாங்கும் மண்குடுவையில், உருக்கி வார்த்த எஃகு என்பது பொருள். 1740-களில் ஷெஃபீல்டு நகரில் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் கொண்டுவந்த முறை. சீரான, மிக நுண்ணிய எஃகு. ரம்பம், உளி, சவரக்கத்தி எல்லாம் அதில்தான் வந்தன.

இந்த இடத்தில் நம் ஊர்க் கதையும் உண்டு. மூசையில் எஃகு செய்வது தென்னாட்டில் அதற்கு வெகுகாலம் முன்பே நடந்த தொழில். ஈரோடு மாவட்டம் கொடுமணலில் அகழாய்வு செய்தபோது இரும்பும் எஃகும் செய்த உலைகள் கிடைத்தன. இந்த எஃகை ‘வூட்ஸ்’ என்ற பெயரில் 1795-இல் ஜார்ஜ் பியர்சன் லண்டனில் ஆராய்ந்து எழுதினார். பிறகு மைக்கேல் ஃபாரடேயும் ஆராய்ந்தார். இன்னொருவர் ஜோசையா மார்ஷல் ஹீத். சேலத்து இரும்புத் தாதைப் பார்த்து மயங்கி, பரங்கிப்பேட்டையில் 1830-இல் இரும்பு ஆலை தொடங்கியவர். பிற்பாடு அவரே ஷெஃபீல்டில் மூசை எஃகுடன் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-இல் காப்புரிமை பெற்றார். அந்த முறையால் எஃகு மலிவானது, பற்றவைக்கவும் எளிதானது. ஷெஃபீல்டு முத்திரை போட்ட உளியைத் துடைக்கும்போதெல்லாம் எனக்குப் பரங்கிப்பேட்டை நினைவுக்கு வரும்.

துருவை எப்படி எடுப்பது?

லேசான துருவுக்கு மண்ணெண்ணெயும் எமரித் தாளும் போதும். தடித்த துருவுக்கு நான் இரண்டு வழி வைத்திருக்கிறேன்.

ஒன்று, மளிகைக் கடை வெள்ளை வினிகர். கருவி முழுகும்படி பிளாஸ்டிக் பாத்திரத்தில் ஊற்றி ஓர் இரவு விடுங்கள். இடையில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். ஒரு நாளுக்கு மேல் வேண்டாம். துரு தீர்ந்தபின் அமிலம் இரும்பைத் தின்னத் தொடங்கும். வெளியே எடுத்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் முக்கி, பிரஷ் போட்டுக் கழுவி, உடனே துடைத்து வெயிலில் சூடேறக் காயவைத்து, கை பொறுக்கும் சூட்டிலேயே எண்ணெய் தடவவேண்டும். இந்தக் கடைசி வேலையில் பத்து நிமிடம் தாமதித்தால் கண்ணெதிரே செந்துரு படியும். புளியும் இதே வேலையைச் செய்யும், மெதுவாக.

இன்னொன்று மின்சாரம். முத்திரை உள்ள கருவிக்கு நான் இதைத்தான் நம்புகிறேன், ஏனென்றால் துரு மட்டும் போகும், நல்ல இரும்பு அப்படியே நிற்கும். பிளாஸ்டிக் வாளியில் பத்து லிட்டர் தண்ணீருக்கு மூன்று மேசைக்கரண்டி சலவைச் சோடா. 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையைக் கருவியிலும் நேர்முனையை ஒரு வேண்டாத இரும்புத் தகட்டிலும் மாட்டுங்கள். இரண்டும் தொடக்கூடாது. முனையை மாற்றி மாட்டினால் கருவி கரைந்துபோகும், ஆகவே இரண்டு முறை சரிபாருங்கள். தகடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கக்கூடாது. அதிலுள்ள குரோமியம் நச்சாகத் தண்ணீரில் இறங்கும். சோடாவுக்குப் பதில் சாப்பாட்டு உப்பைப் போடாதீர்கள், குளோரின் வாயு வரும். எழும்பும் குமிழிகளில் ஹைட்ரஜன் இருப்பதால் வீட்டுக்குள் வேண்டாம், திறந்த வெளியில் செய்யுங்கள். சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் கையை விடவேண்டும்.

கழிப்பறை கழுவும் ஆசிட்டில் அரை மணி நேரத்தில் போய்விடுகிறதே?

செய்யாதீர்கள். கடினமான எஃகை அது நொறுங்கும்படி ஆக்கிவிடலாம். புகை மூச்சுக்குக் கெடுதல். அதோடு அந்த ஆவி பட்டறையில் தொங்கும் மற்ற எல்லாக் கருவியின் மேலும் ஒரே இரவில் துருவைப் படியவைக்கும்.

சாணைக்காரரிடம் கொடுத்துத் தீட்டலாமா?

எனக்குக் கிடைத்த முதல் நல்ல கோடாலியை ஒரு சாணைக் கடையில் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் பளபளவென்று திரும்பி வந்தது, வாயோரம் மயில் கழுத்து நிறத்தோடு. அழகாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன். ஒரு வேப்பங்கட்டையைப் பிளப்பதற்குள் வாய் மடங்கிப்போனது.

நடந்தது இதுதான். கருவி எஃகைச் சூடேற்றினால் ஏறக்குறைய 230 டிகிரி செல்சியஸில் வைக்கோல் நிறம் வரும். 300-ஐ ஒட்டி நீலமாகும். நீலம் ஏறியபின் வாய்க்கு வேண்டிய கடினம் போய்விடும். வேகமாகச் சுற்றும் கல்லில் மெல்லிய விளிம்பு சில நொடிகளில் அந்தச் சூட்டை எட்டிவிடும். மேலே தண்ணீர் ஊற்றினாலும் போன பதம் திரும்பாது. அந்தக் கோடாலியைக் கெட்ட பகுதி தீரும்வரை அரம் போட்டுப் பின்னுக்குத் தள்ளித்தான் காப்பாற்றினேன்.

ஆகவே கையால் தீட்டுங்கள். கோடாலியை மேசையில் அசையாமல் பிடிப்பித்து, பத்து அங்குலத் தட்டை அரத்தால் விளிம்பை நோக்கித் தள்ளவேண்டும். திரும்பும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள். தடித்த தோல் கையுறை அவசியம், ஏனென்றால் வாய் உங்கள் விரலைப் பார்த்திருக்கும். மரம் வெட்ட இரு பக்கமும் சேர்த்து 25 டிகிரி அளவு, விறகு பிளக்க 30-க்குச் சற்று மேல். பிறகு தீட்டுக்கல். சென்னையில் 1954-இல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தின் இருமுகக் கல் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் மென்மை. தொடக்கத்துக்கு அதுவே போதும்.

பழைய காம்பை எப்படிக் கழற்றுவது? நெருப்பில் போடலாமா?

ஊரில் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். காம்பு எரியும்போது வாயின் பதமும் சேர்ந்து இறங்கும். துளைக்கு வெளியே நிற்கும் காம்பை ரம்பத்தால் அறுத்துவிட்டு, உள்ளே இருக்கும் மரத்தில் நாலைந்து ஓட்டை போட்டுத் தளர்த்தி, ஒரு முளையை வைத்து அடித்துத் தள்ளுங்கள். எந்தப் பக்கம் துளை அகலமோ அந்தப் பக்கமாக வெளியே வரும்.

புதுக் காம்புக்கு எந்த மரம்?

நாட்டுக் கருவேலம், புளி, வெக்காலி, தடசு. அதிரடியைத் தாங்கும் மரங்கள் இவை. எனக்குக் கருவேலம் பிடிக்கும், கிடைப்பதும் எளிது. தேக்கு பார்க்க அழகு, ஆனால் கோடாலிக்கு ஆகாது; உளிப் பிடிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மரத்தைவிட முக்கியம் அதன் ரேகை. காம்பின் அடிமுனையைப் பார்த்தால் ரேகைகள் கோடாலி வாயின் திசையிலேயே ஓடவேண்டும். குறுக்கே ஓடினால் ஒருநாள் முறியும். நீளவாக்கிலும் ரேகை பக்கவாட்டில் வெளியேறாமல் முனைக்கு முனை போகவேண்டும். ஆகவே அறுத்த சட்டத்தைவிடப் பிளந்த கட்டையே நல்லது. பிளவு ரேகையோடுதான் போகும். பச்சை மரத்தைச் செதுக்கி மாட்டினால் ஒரு கோடையில் சுருங்கி ஆடத் தொடங்கும். முனைகளில் மெழுகு பூசி நிழலில் மாதக்கணக்கில் ஆறவிடுங்கள்.

மாட்டும் முறை துளையைப் பொறுத்தது. நம்மூர்க் கொல்லர் அடித்த சில கோடாலிகளில் பிக்காசுக்குப் போல மேலிருந்து காம்பை இறக்குவார்கள். வீச வீச இறுகும், ஆப்பு வேண்டாம். ஆங்கிலேயர் காலத்து ஆலைக் கோடாலிக்குக் கீழிருந்து ஏற்றி, மேலே ஆப்பு அறையவேண்டும். காம்பின் தலையில் துளை ஆழத்தின் மூன்றில் இரண்டு பங்குக்கு ரம்ப வெட்டுப் போடுங்கள். கோடாலித் தலை கீழே தொங்கும்படி காம்பைப் பிடித்துக்கொண்டு அடிமுனையைக் கொட்டாப்புளியால் (மரச்சுத்தியல்) தட்டினால், தலை தன் கனத்தால் தானாகக் காம்பில் ஏறும். முதல்முறை பார்ப்பவர்களுக்கு நம்பமுடியாது. உட்கார்ந்தபின் காய்ந்த தேக்குத் துண்டில் சீவிய ஆப்பை இறக்குங்கள். இரும்பு ஆணியை ஆப்பாக அறையவேண்டாம், மரத்தைப் பிளந்துவிடும்.

தலை ஆடுகிறது. தண்ணீரில் ஊறப்போட்டால் இறுகுமே?

அன்றைக்கு இறுகும். மரம் உப்பி இரும்பில் நசுங்கும், காய்ந்ததும் முன்பைவிட அதிகமாக ஆடும். ஆப்பை மாற்றுங்கள்.

காம்புக்கு என்ன எண்ணெய்?

ஆளிவிதை எண்ணெய். பெயிண்ட் கடையில் லின்சீட் ஆயில் என்று கேளுங்கள். மெல்லிசாகத் தடவி, துடைத்து, மறுநாள் மீண்டும் ஒரு தடவை. தேங்காய் எண்ணெய் காயவே காயாது. ஒரு எச்சரிக்கை: லின்சீட் எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் முக்கி வையுங்கள்.

இரும்பு இழைப்புளி ஒன்று கிடைத்தது. சரியாகுமா?

உடம்பு வார்ப்பிரும்பு என்பதால் முதலில் வாய்ப்பகுதியையும் பக்கச் சுவர்களையும் பாருங்கள். விரிசல் இருந்தால் வெல்டிங்கில் எளிதாக நிற்காது. அடுத்து, திருகுகள் எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். ஸ்டான்லி இழைப்புளியின் புரி தனி அளவு. நம் கடைத் திருகு பொருந்தாது. ஒரு திருகு இல்லாமல் நான் மூன்று வருடம் காத்திருந்ததுண்டு.

பெரும்பாலும் கிடைப்பது ஸ்டான்லி நாலாம் எண் அல்லது ஐந்தாம் எண். லியனார்ட் பெய்லியின் வடிவமைப்பு. ஸ்டான்லி 1869-இல் அதன் உரிமையை வாங்கியது. அலகு தாங்கும் பகுதிக்குப் பின்னால் உடம்பில் மூன்று காப்புரிமைத் தேதிகள் வார்த்திருந்தால் அது 1910-களின் சரக்கு. நான் பயன்படுத்தியதிலேயே அவைதான் சிறந்தவை. ஷெஃபீல்டின் ரெக்கார்டு நிறுவனம் 1931 முதல் அதே வடிவில் செய்தது. அதுவும் நல்ல கனமான கருவி.

அடிப்பாகத்தைக் கண்ணாடிமேல் ஒட்டிய எமரித் தாளில் சமமாகும்வரை தேயுங்கள். முனை, வாய், வால் மூன்றும் ஒரே மட்டத்தில் தொட்டால் போதும். அலகின் பின்பக்கத்தை மட்டமாக்கி, முன்பக்கம் 25 டிகிரிக்குத் தீட்டி, நுனியில் மட்டும் 30. மேலே மூடும் தகடு அலகோடு முடி நுழையாமல் ஒட்டவேண்டும். அங்கே இடைவெளி இருந்தால் சீவல் சிக்கிக்கொள்ளும்.

நம் தச்சர்களின் மரஉடல் இழைப்புளிக்கு இவ்வளவு பாடில்லை. அடியைச் சீவி, அலகைத் தீட்டினால் வேலைக்குத் தயார்.

ரம்பம்?

வளைத்துவிட்டால் நேராகத் திரும்பவேண்டும், திரும்பாவிட்டால் வாங்காதீர்கள். பற்களைத் தீட்ட முக்கோண அரம். முதல் முறை அரம் போடத் தெரிந்த தச்சர் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். எழுத்தில் படித்து வராத வேலை இது.

புத்தம்புதிது போலப் பளபளவென்று ஆக்கலாமா? பெயிண்ட் அடிக்கலாமா?

வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சுத்தியல் தழும்பும் கறுத்த நிறமும் அந்தக் கருவியின் வயது. செந்துருவை எடுங்கள், வாயைத் தீட்டுங்கள், காம்பை மாற்றுங்கள், அதோடு நிறுத்துங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். உலர்வாகத் தேய்த்துத் தூசு கிளப்பாதீர்கள்.

திரும்பத் துரு வராமல் இருக்க?

கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதம்தான் சோதனை. தேன்மெழுகையும் தையல் மெஷின் எண்ணெயையும் சேர்த்து உருக்கி ஒரு டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் ஒரு துடைப்பு. தோல் உறைக்குள் மாதக்கணக்கில் போட்டுவைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும்.

வாய் முழுதும் தேய்ந்த கோடாலியைத் தூக்கி எறிய வேண்டியதுதானா?

கொல்லரிடம் கொண்டுபோங்கள். வாயைப் பிளந்து புது எஃகு வைத்து, காய்ச்சி அடித்து, தோய்ச்சல் கொடுத்துத் தருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். திருப்பாச்சேத்தி போன்ற ஊர்கள் அரிவாளுக்கே பேர்போனவை. உலை எரியும் இடமாகப் பார்த்துக் கொடுங்கள். வெல்டிங் மட்டும் செய்யும் கடை வேண்டாம். காத்திருந்து பாருங்கள். எந்த நிறத்தில் எடுத்துத் தண்ணீரில் விடுகிறார் என்று கவனியுங்கள். பல பட்டறைகளில் அடுத்த தலைமுறை உலைக்கு வருவதில்லை. நாம் கொடுக்கும் ஒவ்வொரு வேலையும் அந்த உலைக்கு ஒரு நாள் கரி.

வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்கு அனுப்பலாமா?

நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கைவினைப் பொருள்கள் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வரக்கூடும். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை உண்டு. வயது சந்தேகமாக இருந்தால், தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் பெற்ற பிறகே அனுப்புங்கள்.

நான் எதில் தொடங்கட்டும்?

ஓர் அங்குல உளி. கோடாலிக்குக் காம்பு செதுக்க வேண்டும், இழைப்புளிக்குத் திருகு தேடவேண்டும். உளிக்கு வினிகர், ஒரு கல், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். பின்பக்கம் குழியில்லாத ஒன்றாகப் பார்த்து எடுங்கள். மாலையில் வேப்பங்கட்டையின் குறுக்கு முகத்தைச் சீவிப் பாருங்கள். வெட்டிய இடம் மெழுகு தேய்த்தது போல மின்னினால் சரியாகத் தீட்டியிருக்கிறீர்கள். வெளிறிப் பிசிறடித்தால் இன்னும் கொஞ்சம் கல்லில் இழுக்கவேண்டும்.